கடைசி அமர்வுக்குப் பிறகு

உளச்சிகிச்சை பலன் தருமா என்ற கேள்வி ஏறக்குறைய தீர்ந்துபோன கேள்வி. 1952இல் ஹான்ஸ் ஐசெங்க் என்ற உளவியலாளர், பதற்றமும் மனச்சோர்வும் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உளச்சிகிச்சை பெற்றாலும் பெறாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளில் தேறிவிடுகிறார்கள் என்று எழுதித் துறையையே உலுக்கினார். அதற்கு உறுதியான பதில் வந்தது 1977இல். மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு, சிகிச்சை பெற்ற சராசரி நோயாளி, பெறாதவர்களில் 75 சதவீதத்தினரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் என்று காட்டினார்கள். பிந்தைய ஆய்வுகள் பலனின் அளவைச் சற்றுக் குறைத்துச் சொன்னாலும், பலன் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை சிகிச்சை முடிந்த கையோடோ, அடுத்த சில மாதங்களிலோ அளவெடுத்தவை. நோயாளியின் வீட்டார் கேட்பது வேறு. இரண்டு வருடம் கழித்து இவர் எப்படி இருப்பார், வேலைக்கு ஒழுங்காகப் போவாரா, மறுபடி படுக்கையில் சுருண்டுவிடுவாரா என்பதுதான் அவர்கள் கவலை. அந்தக் கவலைக்கு உண்டான பதிலைத் தேடினால், சிகிச்சையைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசுகிற விஷயங்கள் பின்னுக்குப் போய், அதிகம் பேசாதவை முன்னுக்கு வருகின்றன.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் நடத்திய மனச்சோர்வு ஆய்வை எடுத்துக்கொள்வோம். மூன்று ஆய்வு மையங்களில் 250 பேரைச் சேர்த்து நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு, எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பயிற்றுகிற சிபிடி. இன்னொரு பிரிவுக்கு, உறவுச் சிக்கல்களை மையமாக வைத்த உரையாடல் சிகிச்சை. மூன்றாவதற்கு இமிப்ரமின் மாத்திரை. நான்காவதற்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மாத்திரை வாங்கிய இரண்டு பிரிவினரையும் மனநல மருத்துவர் தவறாமல் பார்த்து நலம் விசாரித்துப் பேசினார். 16 வாரச் சிகிச்சை முடிந்தபோது எல்லாப் பிரிவிலும் பலர் தேறியிருந்தார்கள். பிறகு 18 மாதம் அவர்களைப் பின்தொடர்ந்து, 1992இல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சையில் தேறி, அதே நிலையில் நீடித்தவர்கள் சிபிடி பிரிவில் 30 சதவீதம், உறவுச் சிகிச்சையில் 26, இமிப்ரமினில் 19, வெற்று மாத்திரையில் 20. எந்தச் சிகிச்சை சிறந்தது என்று கண்டுபிடிக்கப் புறப்பட்ட ஆய்வு, எந்தச் சிகிச்சையானாலும் 16 வாரம் போதாது என்ற முடிவுக்கு வந்து நின்றது. தேறுவது ஒன்று, தேறிய நிலையில் நிலைப்பது இன்னொன்று என்பது இந்த எண்களில் பளிச்சென்று தெரிகிறது. நிலைப்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் சிகிச்சை அறைக்கு வெளியேதான் இருக்கின்றன என்பது என் வாதம். நோயாளி தானாகச் செய்யக் கற்றுக்கொண்டது எவ்வளவு, அதைத் தன் அன்றாட வாழ்க்கையில் செய்கிறாரா, அவர் திரும்பிப் போகிற வீடு எப்படிப்பட்டது என்ற மூன்றுக்கும், சிகிச்சையின் பெயர்ப்பலகையைவிட எடை அதிகம்.

இதற்கான அடிப்படைக் காரணம் நினைவு வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. மணியோசையைக் கேட்டதும் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய்களுக்கு, சோறு இல்லாமல் மணியை மட்டும் திரும்பத் திரும்ப ஒலித்தால் எச்சில் ஊறுவது நின்றுவிடும். ஆனால் கொஞ்ச காலம் விட்டு மறுபடி மணியடித்தால் மீண்டும் ஊறும். பழைய பாடம் அழியவில்லை என்பதை பாவ்லோவே கவனித்திருந்தார். பிற்பாடு மார்க் பௌட்டன் எலிகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைக் கூர்மைப்படுத்தின. ஒரு கூண்டில் பயத்தைக் கற்ற எலிக்கு, வேறொரு கூண்டில் வைத்து அந்தப் பயத்தைத் தணித்த பிறகு, பழைய கூண்டுக்கே திருப்பிக் கொண்டுபோனால் பயம் உயிர்பெறுகிறது. பயம் தணிந்ததற்குக் காரணம் அழிப்பு அல்ல. 'இங்கே ஆபத்தில்லை' என்ற இரண்டாவது பாடம் முதல் பாடத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த இரண்டாவது பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டும் இருக்கிறது. மனிதருக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் பல புதிர்கள் விளங்கும். லிஃப்டில் ஏறப் பயந்தவர், சிகிச்சையாளர் பக்கத்தில் நிற்க, மருத்துவமனை லிஃப்டில் பத்து முறை ஏறி இறங்கிப் பயம் தெளிகிறார். மூன்று மாதம் கழித்து, அலுவலகத்தில் மேலதிகாரியிடம் திட்டு வாங்கிய நாளில், தனியாக, வேறொரு லிஃப்டின் முன் நிற்கும்போது பழைய பயமே முதலில் வந்து நிற்கிறது. மிஷெல் கிராஸ்கே போன்றவர்கள் இதை வைத்துத்தான் சிகிச்சையைத் திருத்தி அமைத்தார்கள். ஒரே இடத்தில் பயம் முழுக்கத் தணியும்வரை காத்திருப்பதைவிட, பல இடங்களில், பல நேரங்களில், துணையோடும் துணையில்லாமலும் பழகுவதே பாடத்தை நிலைக்கவைக்கும் என்பது அவர்களுடைய அணுகுமுறை. மனச்சோர்வில் இருக்கிற 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணமும் இதே மாதிரிதான் என்று கிறிஸ் புரூவின் வாதிடுகிறார். சிகிச்சை அந்த எண்ணத்தைத் துடைத்தெடுப்பதில்லை. அதோடு போட்டிபோட்டு முந்திக்கொண்டு நினைவுக்கு வரக்கூடிய வேறொரு எண்ணத்தை வளர்க்கிறது. போட்டியில் எது ஜெயிக்கும் என்பது, எது அதிகம் புழங்குகிறது என்பதைப் பொறுத்தது.

கற்றது நிலைக்கிறது என்பதற்கு நேரடிச் சான்றும் உண்டு. பென்சில்வேனியா, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்து 2005இல் ஸ்டீவன் ஹோலன் குழு வெளியிட்ட ஆய்வில், மிதமானது முதல் கடுமையானது வரை மனச்சோர்வு இருந்தவர்களில் சிகிச்சைக்குப் பலன் கண்டவர்களை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். மருந்தில் தேறி, பிறகு மருந்தை நிறுத்தியவர்களில் 76 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம். சிபிடி முடித்து, அந்த ஓராண்டில் அதிகபட்சம் மூன்று முறை மட்டும் சிகிச்சையாளரைப் பார்க்க அனுமதிக்கப்பட்டவர்களில் 31 சதவீதம். இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. மருந்தைத் தொடர்வது நோய் திரும்புவதைக் குறைக்கிறது என்பதையும் இதே எண்கள்தான் சொல்கின்றன. நான் சுட்டிக்காட்ட விரும்புவது, சிகிச்சை நின்ற பிறகும் சிபிடி பெற்றவர்களிடம் எதுவோ வேலை செய்துகொண்டிருந்தது என்பதை. அது என்ன என்று டேனியல் ஸ்ட்ரங்க் 2007இல் பார்த்தார். தன் எதிர்மறை எண்ணத்தைத் தானே பிடித்துச் சோதிக்கும் திறமை யாருக்குக் கைவந்திருந்ததோ, அவர்களுக்கு அடுத்த ஓராண்டில் நோய் திரும்பும் வாய்ப்பு குறைந்திருந்தது.

இதைவிட வியப்பான ஓர் ஆய்வு, மூடிய சிறு இடத்தைக் கண்டு அஞ்சுபவர்களை வைத்து மார்க் பவர்ஸ், மைக்கேல் டெல்ச் உள்ளிட்டோர் 2008இல் வெளியிட்டது. அவர்களில் ஒரு பிரிவினருக்கு வெற்று மாத்திரை கொடுத்து, ஒரே அமர்வில் பயத்தை எதிர்கொள்ளும் பயிற்சி தந்தார்கள். பயிற்சி முடிந்த பிறகு அந்தப் பிரிவில் ஒரு பகுதியினரிடம், 'நீங்கள் விழுங்கியது மனத்தை அமைதிப்படுத்தும் மூலிகை, அதனால் உங்களுக்குப் பயிற்சி எளிதாக இருந்திருக்கும்' என்றார்கள். இன்னொரு பகுதியினரிடம், 'அது படபடப்பைக் கூட்டும் மூலிகை, பயிற்சி உங்களுக்குக் கடினமாகவே இருந்திருக்கும்' என்றார்கள். மூன்றாவது பகுதியினரிடம் அதில் ஒன்றுமே இல்லை என்ற உண்மையைச் சொன்னார்கள். எல்லோருக்கும் கிடைத்த பயிற்சி ஒன்றுதான். பின்னால் பார்த்தபோது, மாத்திரைதான் அமைதி தந்தது என்று நம்பியவர்களில் 39 சதவீதத்தினருக்குப் பயம் திரும்பியிருந்தது. மற்ற இரண்டு பகுதிகளிலும் ஒருவருக்குக்கூடத் திரும்பவில்லை. 'இதை நான்தான் செய்தேன்' என்ற ஒரு நம்பிக்கையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டால் கிடைத்த பலனும் கூடவே போய்விடுகிறது. குணமானதற்கான பெருமையை டாக்டரின் கைராசிக்கோ மாத்திரைக்கோ கொடுத்துவிடுவது நமக்குப் பழகிய பணிவு. அந்தப் பணிவு நோயாளிக்குக் கேடு செய்யக்கூடும் என்பதைச் சிகிச்சையாளர்கள்தான் முதலில் உணர வேண்டும்.

அப்படியானால் சிகிச்சையாளருக்கும் அவரோடான உறவுக்கும் முக்கியத்துவம் இல்லையா என்று கேட்கலாம். நிறையவே உண்டு. முன்பு சொன்ன 250 பேர் ஆய்வில், சிகிச்சையாளரோடு நல்ல ஒத்துழைப்பு அமைந்தவர்களுக்கு நான்கு பிரிவுகளிலும் பலன் கூடுதலாக இருந்தது, வெற்று மாத்திரை பெற்றவர்கள் உட்பட. அதே தரவுகளை 2006இல் மறுபடி ஆராய்ந்தபோது, மாத்திரையில் மருந்து இருந்ததா இல்லையா என்பதைவிட, கொடுத்த மருத்துவர் யார் என்பதே பலனை அதிகம் தீர்மானித்தது. கெட்டிக்கார மருத்துவர்கள் வெற்று மாத்திரையோடு சாதித்ததை, மற்ற சிலர் இமிப்ரமினோடுகூடச் சாதிக்கவில்லை. 2018இல் கிறிஸ்டோஃப் ஃப்ளூக்கிகர் குழு 295 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் ஒத்துழைப்புக்கும் பலனுக்கும் தெளிவான தொடர்பு இருந்தது. ஆனால் அந்தத் தொடர்பின் அளவு பலரும் நினைப்பதைவிடச் சிறியது. நோயாளிக்கு நோயாளி பலன் வேறுபடுவதில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத்தான் அது விளக்குகிறது. பலனில் 40 சதவீதம் நோயாளியின் வாழ்க்கையால், 30 சதவீதம் உறவால், 15 சதவீதம் எதிர்பார்ப்பால், 15 சதவீதம் உத்தியால் வருகிறது என்று ஒரு வட்ட வரைபடம் பல பயிற்சி வகுப்புகளில் காட்டப்படுகிறது. மைக்கேல் லாம்பர்ட் 1992இல் தந்த அந்த எண்கள் அனுபவத்தையும் படிப்பையும் வைத்துச் செய்த மதிப்பீடு. தரவிலிருந்து கணக்கிட்டு எடுத்தவை அல்ல. அதை அளந்து கண்ட உண்மைபோல் சொல்வதை நிறுத்துவது நல்லது. என் பார்வையில், நல்ல உறவின் வேலை ஒரு காரியத்தைச் சாத்தியமாக்குவது. நம்பிக்கை இல்லாத ஒருவர் சொல்லி யாரும் தங்களுக்கு மிகவும் பயம் தருகிற இடத்துக்குத் தனியாகப் போகமாட்டார்கள். வாரத்துக்கு ஒருமுறை மனம்விட்டுப் பேசிவிட்டு வருவது ஆறுதல் தருகிறது. ஆனால் அந்த ஆறுதல் அடுத்த அமர்வுவரை மட்டும் தாங்கினால், சிகிச்சை நின்றதும் அதுவும் நின்றுவிடும்.

எப்போது நிறுத்துவது என்பது தனிக் கேள்வி. இதில் இழப்பு அதிகம் நடக்கிறது. ஐவரில் ஒருவர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடுகிறார் என்று 2012இல் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு சொல்கிறது. பாதியில் விடாதவர்களிலும் பலர், முக்கால்வாசி சரியானதும் 'இப்போ பரவாயில்லை' என்று நின்றுவிடுகிறார்கள். மீதமிருக்கிற கால்வாசி, தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல், எதிலும் முழு ஈடுபாடு வராதது என்று சின்னதாகத்தான் தெரியும். அது சின்ன விஷயம் அல்ல என்பதை 1995இல் யூஜின் பேக்கலின் கேம்பிரிட்ஜ் ஆய்வு காட்டியது. மனச்சோர்விலிருந்து தேறியும் இப்படி எச்சம் இருந்தவர்களில் 76 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. எச்சம் இல்லாதவர்களில் 25 சதவீதத்தினருக்குத்தான். இத்தாலியில் ஜொவானி ஃபாவா இந்த எச்சத்தையே குறிவைத்தார். மருந்தில் தேறிய 40 பேரில் பாதிப்பேருக்கு, மீந்திருக்கும் அறிகுறிகளுக்காகவே ஒரு குறுகிய சிபிடி கொடுத்தார். இரண்டாண்டில் அவர்களில் 25 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. வழக்கமான கவனிப்பு பெற்ற மற்ற பாதிப்பேரில் 80 சதவீதம். 40 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், மறுக்கவில்லை. இருந்தாலும் ஆறாண்டு கழித்துப் பார்த்தபோதும் 40 சதவீதத்துக்கு 90 சதவீதம் என்று அந்த இடைவெளி மறையாமல் இருந்தது.

இனி வீடு. 1989இல் ஜில் ஹூலியும் ஜான் டீஸ்டேலும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்ற 39 பேரை ஒன்பது மாதம் பின்தொடர்ந்தார்கள். எல்லோரும் மணமானவர்கள். வாழ்க்கைத் துணை எவ்வளவு குறைசொல்கிறார் என்பதைக் கண்டறிய, பயிற்சி பெற்றவர்கள் துணையை நீண்ட பேட்டி கண்டு, சொற்களையும் குரலின் தொனியையும் எடைபோடும் முறை ஒன்று உண்டு. அதையும் செய்தார்கள். கூடவே நோயாளியிடம் ஒரே ஒரு கேள்வியும் கேட்டார்கள்: உங்கள் கணவர் அல்லது மனைவி உங்களை எவ்வளவு குறைசொல்கிறார், ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் கொடுங்கள். யாருக்கு நோய் திரும்பும் என்பதை, நீண்ட பேட்டியைக் காட்டிலும் அந்த ஒற்றை மதிப்பெண் நன்றாகச் சொல்லிவிட்டது. மனச்சோர்வு உள்ளவர் எல்லாவற்றையும் இருட்டாகத்தான் பார்ப்பார், அவர் மதிப்பெண்ணை எப்படி நம்புவது என்ற சந்தேகம் நியாயமானது. ஆனால் இங்கே நமக்குத் தெரிய வேண்டியது துணையின் குணம் அல்ல. அந்த வார்த்தைகள் இவருக்குள் எவ்வளவு ஆழமாக இறங்குகின்றன என்பது. அதைச் சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்? சிகிச்சையில் ஒரு மணி நேரம் 'நான் லாயக்கில்லாதவன் இல்லை' என்று பழகிவிட்டு வருகிறவருக்கு, வீட்டில் மீதி நேரமெல்லாம் எதிர்ப்பாடம் நடக்கிறது. நினைவுகளின் போட்டியில் எது ஜெயிக்கும் என்பது அப்போது கிட்டத்தட்ட முடிவான விஷயம். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1950களிலேயே நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துச் சிகிச்சையில் சேர்த்துக்கொண்ட மையம். அந்த வழக்கம் இந்த ஆய்வுகளுக்கெல்லாம் முந்தியது. நம் ஊரில் ஆலோசனைக்கு வருகிறவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசி அனுப்பிவிடும் இன்றைய பழக்கத்தை அதோடு வைத்துப் பார்த்தால், கைவசம் இருந்த ஒரு நல்லதை நழுவவிடுகிறோமோ என்று வருத்தமாக இருக்கிறது.

இதெல்லாம் படித்த, வசதியுள்ள மேலைநாட்டு நோயாளிகளுக்குத்தானே பொருந்தும் என்று கேட்பவர்களுக்குக் கோவாவில் விடை இருக்கிறது. விக்ரம் படேலும் சகாக்களும் அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, கடுமையான மனச்சோர்வு உள்ள ஏறக்குறைய 500 பேரிடம் ஒரு சிகிச்சையைச் சோதித்தார்கள். கொடுத்தவர்கள் உளவியல் பட்டதாரிகள் அல்லர், சில வாரம் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறிலிருந்து எட்டு அமர்வு, பெரும்பாலும் வீட்டிலோ சுகாதார நிலையத்திலோ. சிகிச்சையின் உள்ளடக்கம் மிக எளிமையானது. என்ன செய்தால் மனம் கொஞ்சம் லேசாகிறது என்று நோயாளியோடு சேர்ந்து கண்டுபிடிப்பது, கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போவது, தங்கையோடு போனில் பேசுவது, விட்டுப்போன தையல் வேலையை மறுபடி எடுப்பது என்று எதுவானாலும் அதை ஒரு நாள், ஒரு நேரம் குறித்து வைப்பது, அடுத்த முறை சந்திக்கும்போது செய்தாரா, செய்தபோது மனம் எப்படி இருந்தது என்று கேட்பது. மூன்று மாதத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 39 சதவீதம். ஓராண்டில் 63க்கு 48. சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் நிலையை ஏறக்குறைய அப்படியே தக்கவைத்திருந்தார்கள். அந்தப் பலனில் பாதிக்கு மேல், நோயாளி அன்றாடம் எவ்வளவு செயல்பட்டார் என்பதன் வழியாகவே வந்தது என்றும் கணக்கிட்டார்கள். பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதியில் கிராம சுகாதாரப் பெண் பணியாளர்கள் மகப்பேற்றுக் கால மனச்சோர்வுக்குக் கொடுத்த சிகிச்சையும் ஓராண்டு தாங்கியது. 2008இல் வந்த அந்த ஆய்வில், ஓராண்டு கழித்தும் மனச்சோர்வோடு இருந்தவர்கள் சிகிச்சை பெற்ற தாய்மாரில் 27 சதவீதம், மற்றவர்களில் 59 சதவீதம். இந்தியாவில் மனச்சோர்வு போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதத்தினருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு சொல்கிற நிலையில், இந்த எண்கள் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகின்றன.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிகக் கனமானது இது: நிலைப்பது நோயாளியின் பழக்கத்தைப் பொறுத்தது என்றால், நோய் திரும்பும்போது பழியும் அவர் தலையில்தானே விழும்? ஏற்கெனவே தன்னைத் தானே குற்றம்சாட்டிக்கொள்வதே அந்த நோயின் இயல்பு. அதற்கு நாமும் ஒரு காரணம் எடுத்துக் கொடுக்கலாமா? கூடாது. சான்றுகளும் அதற்கு இடம்தரவில்லை. முன்பு எத்தனை முறை நோய் வந்தது, சிறுவயதில் கொடுமைகளை அனுபவித்தாரா என்பவையெல்லாம் யாரும் தேர்ந்தெடுத்தவை அல்ல, ஆனால் நோய் திரும்புவதில் அவற்றின் பங்கு பெரியது. ஆச்சரியம் என்னவென்றால், சுமை கூடியவர்களுக்கு உளச்சிகிச்சையின் பயன் குறைந்துபோவதில்லை, சில இடங்களில் கூடுகிறது. தியானப் பயிற்சியைச் சிபிடியோடு இணைத்த சிகிச்சையை 2000இல் சோதித்தபோது, மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு வந்தவர்களில் நோய் திரும்புவது 66 சதவீதத்திலிருந்து 37 ஆகக் குறைந்தது. இரண்டே முறை வந்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை. நாட்பட்ட மனச்சோர்வு உள்ளவர்களை ஆராய்ந்த சார்ல்ஸ் நெமரோஃப் குழு 2003இல் கண்டது, சிறுவயதுத் துயரம் உள்ளவர்களுக்கு மருந்தைவிட உளச்சிகிச்சை நன்றாகப் பலன் தந்தது என்பதை. இன்னொரு கேள்வியும் உண்டு. நன்றாகத் தேறியவர்கள்தான் தொடர்ந்து பயிற்சி செய்கிறார்களோ, பயிற்சியால் தேறவில்லையோ? ஸ்ட்ரங்கின் ஆய்வை மட்டும் வைத்துக்கொண்டு இந்தச் சந்தேகத்தை விலக்க முடியாது. ஹோலன், ஃபாவா, கோவா ஆய்வுகள் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தவை என்பதால்தான் இந்த வாதத்தின் பாரத்தை அவற்றின் மேல் வைக்கிறேன்.

பழியைச் சுமக்க வேண்டியது நோயாளி அல்ல என்றால், வேலையைச் சுமக்க வேண்டியவர்கள் சிகிச்சையை வடிவமைப்பவர்கள். ராபின் ஜாரெட் 2001இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒரு வடிவம் தருகிறது. சிபிடியில் தேறிய 84 பேரில் ஒரு பகுதியினருக்கு, சிகிச்சை முடிந்த பிறகும் எட்டு மாதத்தில் பத்து அமர்வுகள், போகப்போக இடைவெளி விட்டுக் கொடுத்தார். புதிதாக ஒன்றும் கற்றுத்தரவில்லை. ஏற்கெனவே கற்றதை இந்த மாதம் எங்கே பயன்படுத்தினீர்கள், எங்கே முடியவில்லை, நோய் திரும்புவதற்கு உங்களுக்கென்று இருக்கும் முதல் அறிகுறி எது, அது தெரிந்தால் அன்றைக்கே என்ன செய்வீர்கள் என்பவற்றைத்தான் பேசினார்கள். எட்டு மாதத்தில் இவர்களில் 10 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது, அமர்வுகள் இல்லாதவர்களில் 31 சதவீதம். தேறியது முழுமையாக நிலைப்படாமல் ஊசலாடிக்கொண்டிருந்தவர்களை இரண்டாண்டு பின்தொடர்ந்தபோது 37க்கு 62 என்று இருந்தது. எட்டு மாதத்தில் பத்து அமர்வு என்பது, சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் மருத்துவமனைக்குப் போய்வரும் குடும்பங்களுக்குப் பெரிய புதுச் செலவல்ல. மாவட்ட மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் கடைசி அமர்வன்றே அடுத்த எட்டு மாதத்துக்கான தேதிகளைக் குறித்துக் கொடுக்கவும், அதில் ஒரு தேதிக்கு வீட்டில் இருப்பவரையும் கூட்டிவரச் சொல்லவும் புதிதாக எந்தக் கட்டடமும் கருவியும் வேண்டியதில்லை.